புரட்டிப் பார்த்து வாங்கும் ஊர்

அதிராம்பட்டினத்தில் பாத்திக் கைலி வாங்குகிற பெண்கள் துணியின் முகத்தை முதலில் பார்ப்பதில்லை. கடைக்காரர் விரித்துப் போட்டதும் ஓரத்தைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டிப் புரட்டுவார்கள். முதுகுப் பக்கத்திலும் பூ அதே அழுத்தத்தோடு இருந்தால்தான் விலைப் பேச்சே தொடங்கும். வெளிறியிருந்தால், "இது அச்சு, வேற எடுங்க காக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த அடுக்குக்குப் போய்விடுவார்கள். என் உம்மா அப்படித்தான் வாங்கினார், மாமிமார்களும் அப்படித்தான். அவர்கள் எதைத் தேடினார்கள் என்பது, ஈரோட்டுப் பக்கம் ஒரு பிரிண்டிங் ஆலையின் லேபில் தரம் பார்க்கிற வேலைக்குப் போன பிறகு எனக்குத் தெளிவாயிற்று. அங்கே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவியில் துணியின் முகத்தையும் முதுகையும் தனித்தனியே அளப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சாயம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கணக்குச் சொல்வோம். 1931இல் குபெல்கா, முங்க் என்ற இருவர் எழுதிய சமன்பாடு அதற்கு அடிப்படை. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தச் சமன்பாடு இல்லாமலே அதே முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

கைலிக்கு முதுகு முக்கியம் என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. புடவையோ சட்டையோ உள்பக்கத்தை வெளியே காட்டாது. கைலியை மடித்துக் கட்டினால் உள்பக்கம் வெளியே வந்துவிடும். நடக்கும்போதும் உட்காரும்போதும் கொசுவ மடிப்பு விலகி முதுகு தெரியும். ஆண்கள் கட்டுகிற பழவேற்காட்டுக் கட்டம் போட்ட கைலியில் இந்தச் சிக்கல் கிடையாது. அது நூலிலேயே சாயம் ஏற்றித் தறியில் நெய்தது, இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெண்கள் விரும்பிய பூப்போட்ட பாத்திக் கைலியில்தான் ஏமாற்ற இடமிருந்தது. எனவே அவர்கள்தான் கெட்டிக்காரத்தனத்தை வளர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கைலி எங்களுக்குக் கப்பலில் வந்தது. பாக் நீரிணைக் கரையில், பட்டுக்கோட்டையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கிற ஊர் இது. ஒரு பக்கம் காவிரித் தண்ணீரின் வால் முனையில் வயல், தென்னந்தோப்பு. மறுபக்கம் உப்பளம், சேறு, அலையாத்திக் காடு. வயலைவிடக் கடலைத்தான் ஊர் அதிகம் நம்பியது. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என்று ஆண்கள் போனார்கள். பின்னால் வளைகுடாவுக்குப் போனார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்வந்தது. அதற்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பல் வழியே மூடிப்போயிற்று. சபுராளியாக, அதாவது சம்பாதிக்கக் கடல் கடந்து, போனவர் திரும்பி வரும்போது பெட்டியில் கோடாலித் தைலம், பிஸ்கட் டின், அடியில் மடிப்புக் கலையாத பாத்திக் கைலி. யாருக்கு எது என்று பங்கு வைப்பதற்குள் வீட்டில் ஒரு சின்னக் கலவரம் நடந்து முடிந்திருக்கும்.

ஜாவாவின் வடகரையில் பெக்கலோங்கான் போன்ற ஊர்களில் செய்த நல்ல பாத்திக்கில், உருக்கிய மெழுகைத் துணியின் இரண்டு பக்கமும் வரைவார்கள். செப்புக் கிண்ணத்தில் மூக்கு வைத்த எழுதுகோலால் வரைவது உயர்ந்த ரகம். செப்பு அச்சால் மெழுகை ஒற்றுவது அடுத்த ரகம். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயத்தொட்டியில் முழுத் துணியும் முங்குவதால் நிறம் இரு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஹாலந்துக்காரர்கள் இதை இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். 1846இல் ஹெல்மண்டில் தொடங்கிய விளிஸ்கோ நிறுவனத்தின் கதை அதில் பெயர் பெற்றது. ஜாவாவில் எதிர்பார்த்த வரவேற்பு இல்லை, சரக்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே ஒரு பண்பாடாகவே வேர் பிடித்துவிட்டது. மெழுகு நொறுங்கி விழும் வெடிப்புக் கோடுகளைக்கூட இயந்திரம் போலி செய்தது. போலி பாத்திக்கைப் பற்றிய சந்தேகம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. துணியோடு சேர்ந்தே கடல் சுற்றிய சந்தேகம் அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜாவாவிலிருந்து வண்ணத்துணி இங்கே வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே, இங்கிருந்துதான் வண்ணத்துணி அங்கே போய்க்கொண்டிருந்தது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துக்கீசியர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இறங்கும் துணிகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கிராம்பும் சாதிக்காயும் வாங்கக் காசைவிடத் துணிதான் செல்லுபடியான நாணயம். அதைத் தெரிந்துகொண்டுதான் டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் இறங்கினார்கள். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்து, 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையகத்தையே அங்கே மாற்றினார்கள். டேனிஷ்காரர்கள் 1620 முதலே தரங்கம்பாடியில். தமிழ் முஸ்லிம் கடல் வணிகர்களான மரைக்காயர்களின் மரக்கலங்கள் இவர்களுக்கு முன்பும் ஓடின, இவர்களுக்கு நடுவிலும் ஓடின.

அந்த ஐரோப்பிய வணிகக் கும்பினிகள் துணி வாங்கிய விதத்தை எங்கள் தொழில்காரர்கள் யாராவது இன்று படித்தால் சிரிப்பார்கள், ஒன்றும் மாறவில்லை என்று. ஒப்பந்தத்தின்போது ஒரு மாதிரித் துணி வைத்துக்கொள்வார்கள். சரக்கு வந்ததும் மாதிரியோடு ஒப்பிட்டு முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள், ஒவ்வாததைத் திருப்புவார்கள். நூல் மோசம், அகலம் குறைவு, சாயம் சரியில்லை என்று வியாபாரியோடு சண்டை. வியாபாரி போய் நெசவாளியோடும் சாயக்காரரோடும் சண்டை போடுவார். இப்போது மாதிரித் துணிக்கு 'ஸ்வாட்ச்' என்று பெயர், சண்டை வாட்ஸ்ஆப்பில் நடக்கிறது.

ஐரோப்பாவைக் கிறங்கடித்தது பூவேலையின் அழகு என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அழகாக வரைய ஐரோப்பாவிலும் ஆள் இருந்தார்கள். பருத்தியில் வரைந்த சிவப்பைத் துவைத்தபின்னும் சிவப்பாகவே நிற்கவைக்கத்தான் அங்கே ஆள் இல்லை. எங்கள் கரைத்துணி துவைக்கத் துவைக்கத் துலங்கியது. பயந்துபோய் பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1721இல் அச்சடித்த பருத்தியை உடுத்துவதற்கே தடை போட்டது. தடை ஒருபுறம் இருக்க, ரகசியத்தைக் கண்டுபிடிக்க ஆள் அனுப்பியதும் அவர்கள்தான்.

பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த பொலியே என்பவர் 1734 வாக்கில் புதுச்சேரியில் ஒரு சாயக்காரர் பக்கத்தில் இருந்து வேலையைப் பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிஸில் இன்றும் இருக்கின்றன. லேபில் நாங்கள் செய்கிற காரியம் இதேதான்: வெளுத்த துணி ஒரு துண்டு, மருந்து ஏற்றியது ஒரு துண்டு, அச்சு விழுந்தது, ஆவி பிடித்தது, கழுவியது என்று வரிசையாக ஒட்டிக் கோப்பில் வைப்போம். எங்கே தப்பு நடந்தது என்று பின்னால் தேடுவதற்கு அது ஒன்றுதான் சாட்சி. 1742இல் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், தம்மிடம் வந்து கிறிஸ்தவத்தில் சேர்ந்திருந்த சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு முழு முறையையும் கடிதமாக எழுதி அனுப்பினார். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேலையின் ஓட்டம் கிடைக்கிறது.

முதலில் துணியிலுள்ள கஞ்சியை எடுத்து வெளுக்க வேண்டும். பிறகு கடுக்காய்த் தூளை எருமைப் பாலில் கலந்து, அதில் துணியை முக்கிப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு எதற்கு? வரைகிற மருந்து நூல் வழியே ஊறிப் பரவாமல், கோடு கோடாகவே நிற்க. அடுத்து, கட்டையால் அடித்துத் துணியை வழவழப்பாக்குவார்கள். கரித்தூள் ஒற்றி வடிவம் எடுத்துக்கொண்டு, கலம் என்ற மூங்கில் எழுதுகோலால் வரைவார்கள். கறுப்புக்கு இரும்புத் துண்டுகளைப் புளித்த நீரில் ஊறப்போட்ட கரைசல், சிவப்புக்குப் படிகாரம். படிகாரக் கரைசல் தண்ணீர் மாதிரி நிறமற்றது. எங்கே வரைந்தோம் என்று கைக்குத் தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் பதிமுகக் கட்டைச் சாறு கலந்துகொள்வார்கள். அந்த நிறம் பின்னால் போய்விடும், போக வேண்டும். எல்லாம் வரைந்து முடித்துச் சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால்தான் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவப்பு எழும். நீலம் வேண்டிய இடத்தைத் தவிர மற்றதை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் இறக்குவார்கள். பிறகு சாணக் கரைசலில் ஊறவைத்து, புல்லில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயில் காட்டினால், படிகாரம் படாத இடத்தில் ஒட்டியிருந்த அழுக்குச் சிவப்பு வெளுத்துத் தரை பளிச்சென்று ஆகும்.

சாயவேர்ச் செடியை நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டால் கொடுப்பார்கள். கடற்கரை மணலில் முளைக்கிற சின்னச் செடி. சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மணலில் விளைந்த வேருக்குச் சிவப்பு நன்றாக எழும். படிகாரத்தின் அலுமினியத்தோடு சுண்ணாம்பும் சேரும்போது அந்தச் சாயம் இறுகிக்கொள்கிறது என்று இன்றைய வேதியியல் விளக்கம் சொல்கிறது. மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து வேருக்கு அவ்வளவு கிராக்கி. டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள்.

இந்த முறையை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வரைகிற வேலை இதில் நடுவில் கொஞ்சம்தான். துணியைத் தயார் செய்வதும் முடிவில் கழுவி வெளுப்பதும்தான் பெரும்பகுதி. தரம் இருந்ததும் அங்கேதான், தவறியதும் அங்கேதான். கணினியிலுள்ள வடிவத்தை நேரே துணியில் மையாகத் தெளிக்கிற இன்றைய டிஜிட்டல் பிரிண்டிங்குக்கு இதை அப்படியே எடுத்து வைக்கலாம். ஆனால் மெஷின் வாங்குகிறவர்கள் பலருக்கு இது புரிவதற்குள் சரக்கு திரும்பி வந்துவிடுகிறது.

தஞ்சாவூர்ச் சீமை இந்தக் கலையை அதன் உச்சியில் பார்த்தது கோடாலிக்கருப்பூரில். கொள்ளிடத்தின் வடகரை, இன்றைய அரியலூர் மாவட்டம். மராத்திய அரச குடும்பத்துக்காக அங்கே செய்த புடவைகளில், பருத்தியோடு பொன் ஜரிகையை இடையிடையே கோத்து நெய்த பூவின் மேலே மெழுகு கட்டிச் சாயம் ஏற்றினார்கள். நெய்தவரும் எழுதியவரும் ஒரே வடிவத்தை இரண்டு கையால் முடிக்கவேண்டும். கோடு நூலிழை தவறினால் ஜரிகைப் பூ ஒரு பக்கம், சாயப் பூ ஒரு பக்கம் என்று ஆகிவிடும். எங்கள் பாஷையில் அதற்கு 'ரெஜிஸ்டர் அவுட்'. 1855இல் வாரிசில்லை என்று ஆங்கிலேயக் கும்பினி தஞ்சாவூரை எடுத்துக்கொண்டது. வாங்க அரண்மனை இல்லாதபோது அந்தப் புடவைக்கு வேறு வாசல் இல்லை. மிச்சமிருப்பவை அருங்காட்சியகங்களில். ஆற்றுக்கு இக்கரையில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலுக்குத் தொம்பை, குடை, திரை, வாசமாலை எழுதும் குடும்பங்கள் கலத்தைக் கீழே வைக்கவில்லை. கலத்தால் எழுதும் இந்தக் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அரண்மனை போனது ஒரு காரணம். வேதியியல் இன்னொரு காரணம். 1856இல் பெர்கின் என்ற ஆங்கிலேயர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868இல் ஜெர்மனியில் அலிசரினைச் செய்தார்கள், அதாவது சாயவேரின் சிவப்புக்கு உயிரான பொருளையே. 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. இம்பூறல் மருந்துக் கடைக்குத் திரும்பியது. இதற்குமேல் சொல்ல அதில் கதை இல்லை.

நூற்றாண்டின் அடுத்த பெரிய மாற்றம் துணியிலேயே நடந்தது. 1892இல் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று ஆங்கிலேயர் மரக்கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டை சல்பைடிலும் கரைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்தக் கரைசலை அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் மறுபடி இழையாகும். அதுதான் விஸ்கோஸ், நம் கடைகளில் ரேயான். இந்தியாவில் 1954இல் நாக்தாவில் விஸ்கோஸ் பஞ்சு உற்பத்தி தொடங்கியது. நம் பக்கம் மேட்டுப்பாளையத்துக்கு அருகே சிறுமுகையில் பவானிக் கரையில் ஓர் ஆலை இருந்தது; ஆற்றைக் கெடுத்தது என்ற நெடுநாள் போராட்டங்களுக்குப் பிறகு அது மூடிக்கிடக்கிறது. ஈரோடு சுற்று வட்டாரத்து விசைத்தறிகள் ரேயான் காடா, அதாவது வெளுக்காத துணி, ஓட்டுகின்றன. அந்தக் காடாதான் குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போய், அச்சு வாங்கி, நைட்டியாகவும் குர்த்தியாகவும் நம் கடைக்கே திரும்பி வருகிறது. எங்கள் ஊரில் கைலிக்குப் போட்டியாக வந்து ஜெயித்தது அந்த ரேயான் நைட்டிதான். உம்மா கடைசிவரை நைட்டிக்கு இணங்கவில்லை. "கட்டுனா கட்டுன மாதிரி இருக்கணும், தொங்கக் கூடாது" என்பது அவர் வாதம்.

பருத்தியும் விஸ்கோஸும் அடிப்படையில் ஒரே பொருள், செல்லுலோஸ். 1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் கொண்டுவந்த ரியாக்டிவ் சாய வகை இரண்டிலும் இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். ஆனால் ஒரே டிசைன் ஃபைலை இரண்டிலும் ஓட்டினால் இரண்டு நிறம் வரும். விஸ்கோஸின் உள்கட்டுமானம் தளர்வானது. தண்ணீரில் நன்றாக உப்பும், சாயத்தை அதிகம் வாங்கும், நிறம் ஆழமாகவும் பளபளப்பாகவும் தெரியும். பருத்தி கொஞ்சம் அடங்கிய நிறம். ஆகவே ஒவ்வொரு துணிக்கும் தனியே நிறக்கட்டம் அடித்து, அளந்து, மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல், "போன தடவை காட்டனில் நல்லா வந்துச்சே" என்று ரேயானை ஏற்றினால் மெரூன் கேட்டவருக்குக் கறுப்பு போகும்.

டிஜிட்டல் மெஷின் 1990களில் மாதிரி போடுகிற கருவியாகத்தான் உலவியது. 2003இல் பர்மிங்காமில் நடந்த, துணி இயந்திரங்களுக்கான ஐ.டி.எம்.ஏ. கண்காட்சியில் ஆலைக்கேற்ற மெஷின்கள் வந்தன. 2011இல் பார்சிலோனாவில் நடந்த அதே கண்காட்சியில், மை தெளிக்கிற ஹெட் அசையாமல் நிற்கத் துணி மட்டும் ஓடுகிற 'சிங்கிள் பாஸ்' மெஷின் வந்தது. ஹெட்டுக்குள் மின்சாரம் பட்டதும் நெளிகிற படிகம் இருக்கும். அது நெளிந்து மையைத் துளித்துளியாக உதறும். ஒரு துளி சில பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்குபோட்டால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோலிட்டர். அவ்வளவு நுண்ணிய வாயில் பசையும் காரமும் கலந்த மையை அனுப்ப முடியாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சாயம், சோடா, யூரியா, பசை எல்லாம் ஒரே வாளியில் இருக்கும். டிஜிட்டலில் மை தனியே தூய்மையாக இருக்கிறது, மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே துணியில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். இதைத்தான் ஆலையில் 'பிரீ ட்ரீட்மென்ட்' என்கிறார்கள். எருமைப் பாலின் இடத்தில் இப்போது ஆல்ஜினேட். அது கடற்பாசியிலிருந்து எடுக்கிற பசை; ராமநாதபுரக் கரையில் பெண்கள் மூழ்கிப் பறித்து வருகிற பாசி வகைகளில் சில இதற்காகவே போகின்றன. மாவுக்கஞ்சி ஏன் உதவாது என்றால், மாவும் செல்லுலோஸின் உறவுதான்; ரியாக்டிவ் சாயம் துணியை விட்டுவிட்டுக் கஞ்சியோடு கைகோத்துவிடும். துணி விறைக்கும், நிறம் கழுவலில் போகும். ஆல்ஜினேட் சாயத்தை அண்டவிடாது.

இந்த ஏற்பாடு சீராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, நூல் எண்ணுகிற உருப்பெருக்கியான கவுண்டிங் கிளாஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். கறுப்பில் மெல்லிய கோடு ஒன்றைப் பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் அடித்துப் பார்ப்போம். நல்ல துணியில் கோட்டின் கரை நறுக்கென்று நிற்கும். பசை குறைந்த துணியில் கரையிலிருந்து ஒவ்வொரு நூலும் மையை உறிஞ்சிக்கொண்டு வெளியே கால் நீட்டியிருக்கும், பூரான் மாதிரி. பருத்தியில் பஞ்சு மயிர் பொசுக்காமல் விட்டால் இன்னொரு தொல்லை. நிமிர்ந்து நிற்கிற மயிர் மையை வாங்கிக்கொண்டு பின்னால் கழுவலில் படுத்துவிடும், அடியில் வெள்ளைப் புள்ளி தெரியும். ஹெட்டில் ஒரு துளை அடைத்தால் துணி நெடுக மயிரிழை போல ஒரு வெள்ளைக்கோடு ஓடும். வெளிர் நிறத் தரையில் அது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தைத்து உடுத்திய பிறகு தெரியும்.

அச்சு விழுந்த துணியை 102 டிகிரி நீராவியில் எட்டுப் பத்து நிமிடம் விட்டால் சாயம் இழையோடு சேரும். விஸ்கோஸுக்கு யூரியா கூடுதலாக வேண்டும். ஆவியின் ஈரத்தை இழுத்து இழையை உப்பவைக்க அதுதான் துணை. சேராமல் போகிற சாயமும் உண்டு. கொஞ்சம் சாயம் துணிக்குப் பதில் தண்ணீரோடு சேர்ந்து செத்துவிடும். செத்த சாயம் துணியில் ஒட்டிக்கொண்டு இருக்கும், நிறமும் காட்டும், ஆனால் பிடிப்பு இருக்காது. அதைக் குளிர்நீரில், வெந்நீரில், சோப்புக் கொதியில் என்று மாறி மாறி அலசி வெளியேற்ற வேண்டும். விஸ்கோஸ் உப்பி இருப்பதால் செத்த சாயத்தை லேசில் விடாது. அழுத்திக் கழுவலாம் என்றால், ஈரத்தில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பருத்தியோ ஈரத்தில் பலம் கூடுகிற ஜாதி, அடித்துத் துவைக்கலாம். ரேயான் சாயம் போகிறது என்று வீட்டில் எழுகிற புகாரில் பெரும்பங்கு, சாயத்தின் குற்றமாக இருக்காது. கழுவலில் மிச்சம் பிடித்த தண்ணீர், மிச்சம் பிடித்த நேரம்.

ஓர் ஆலையில் இதை நேரில் பார்த்தேன். கறுப்புத் தரையில் சிவப்புப் பூ, ரேயான், அவசர ஆர்டர். ஈரத் தேய்ப்புச் சோதனையில் நிறம் நிற்கவில்லை என்று லேபில் எழுதிக் கொடுத்தோம். மேலிடத்தில் பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்கள். சரக்கு போன இடத்தில் யாரோ வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் போல. சுவரின் படத்தோடு புகார் வந்தது. லேப் அறிக்கை கோப்பில் பத்திரமாகத்தான் இருந்தது.

அந்தத் தேய்ப்புச் சோதனை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். பலகையில் துணியை இழுத்துக் கட்டி, விரல்நுனி அளவுள்ள முளையில் வெள்ளைப் பருத்தித் துண்டைச் சுற்றி, 9 நியூட்டன் அழுத்தத்தில் 10 தடவை முன்னும் பின்னும் ஓட்டுவோம். ஒரு துண்டு காய்ந்தது, ஒரு துண்டு நனைத்தது. வெள்ளைத் துண்டில் ஏறிய கறையைச் சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பு. 5 என்றால் கறையே இல்லை. அடர்ந்த கறுப்பும் சிவப்பும் விஸ்கோஸில் ஈரத் தேய்ப்புக்கு 3 வாங்கினாலே எங்கள் மேலாளர் முகத்தில் சிரிப்பு வரும். ஊரில் வீடு வீடாகக் கைலி விற்க வந்த ஒரு மாமி, கட்டைவிரலை எச்சிலில் தொட்டுத் துணியில் ஓங்கித் தேய்த்துத் தன் வெள்ளைத் துப்பட்டியில் துடைத்துக் காட்டுவார். வாங்குகிறவருக்கு அது போதும். மூக்கருகே வைத்து மெழுகு வாசனை பார்ப்பதையும் அவர் விடமாட்டார்.

வெயிலுக்கு வெளுப்பதை அறிய, சாயம் ஏற்றிய எட்டு நீலக் கம்பளித் துண்டுகளை வைத்துச் செனான் விளக்கின் கீழ் ஒப்பிடுவோம். வியர்வைக்குத் தனிச் சோதனை. எங்கள் கரையில் உப்புக்காற்று, உவர் கிணற்று நீர், தென்னைக்கு நடுவே கொடியில் நாள் முழுக்க வெயில். இவற்றைத் தாங்கிய துணியை வேறெந்த லேபுக்கும் அனுப்ப வேண்டியதில்லை என்பது என் கட்சி.

கழுவத் தண்ணீர் வேண்டும், கழுவிய தண்ணீர் எங்காவது போக வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நொய்யல் ஆற்றுக்குள் போன அந்தத் தண்ணீருக்காகத்தான். ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு வந்தால்தான் திறக்கலாம் என்றாயிற்று, கழுவும் செலவு ஏறியது. அதனால் கழுவவே வேண்டாத பிக்மென்ட் மை மீது இப்போது எல்லோருக்கும் கண். அது இழைக்குள் சேராது. பிசின் கொண்டு மேலே ஒட்டிக்கொள்ளும். பருத்தி, ரேயான், லினன் எல்லாவற்றிலும் ஓடும், சுடுகாற்றில் காய்ந்தால் வேலை முடிந்தது. வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். தேய்ப்புக்குத் தாங்காது, கை வைத்தால் மேலே பூசியது தெரியும், மடிப்பில் நாளடைவில் வெள்ளை காணும். ஆற்றுக்கு நல்லது, கைலிக்கு உதவாது. இரண்டையும் சேர்த்துத்தான் தரம் என்று மதிப்பிட வேண்டிய காலம் வந்துவிட்டது. எந்தப் பக்கம் எடை கூட்டுவது என்பதில் எங்கள் தொழிலில் இன்னும் ஒருமித்த பேச்சு இல்லை.

இப்போது பாத்திக் வடிவங்களும் கலம்காரி வடிவங்களும் டிஜிட்டலில் வந்து குவிகின்றன. ஸ்கேன் செய்து ஃபைலாக்கினால் வெடிப்புக் கோடும் வரும், கலத்தின் கை நடுக்கமும் வரும். விலை மலிவு, வாங்குகிறவர் தெரிந்து வாங்கினால் குற்றமில்லை. கைவேலை என்று சொல்லி விற்றால்தான் குற்றம். வித்தியாசம் பார்க்கப் பத்து மடங்கு காட்டுகிற கண்ணாடி ஒன்று போதும். கலத்தால் எழுதிய கறுப்பு ஒரே கறுப்பாக நூலுக்குள் ஊறியிருக்கும். டிஜிட்டல் பழுப்பு என்று தெரிவது, கண்ணாடியில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளிகள் சிதறிக் கிடப்பது. கண்ணாடி இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவி எடுத்துப் பாருங்கள். முங்கிய துணியின் நூல் சுற்றிலும் நிறமாக இருக்கும். தெளித்த துணியின் நூலில் மேற்புறம் நிறம், அடியில் வெள்ளை.